கட்டை, கரி, சாம்பல்

எனக்கு எட்டு வயது இருக்கும்போது உப்புப் பொட்டலத்தைக் குடிதண்ணீர்க் குடத்துக்குள் தவறவிட்டேன். எங்கள் ஊரில் அது சின்னக் குற்றம் இல்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்துவந்த தண்ணீர். அம்மா அடுப்படியிலிருந்து விறகோடு வந்தாள். அடுத்த வீட்டு மதினி குறுக்கே வந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"புள்ளைய அடிச்சா உப்பு மேல வந்துருமா அத்தை?"

"தண்ணியும் போச்சு, உப்பும் போச்சு. கொஞ்சவா சொல்ற?"

"எங்க போச்சு? இதுக்குள்ளதான கெடக்கு."

பாதித் தண்ணீரை எங்கள் வீட்டிலேயே கஞ்சிக்கும் குழம்புக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னாள். மீதியை இரண்டு தாம்பாளங்களில் ஊற்றித் தன் வீட்டு ஓட்டுச் சாய்ப்பின்மேல் வெயிலில் வைத்தாள். நாலாம் நாள் தாம்பாளத்தைச் சுரண்டி, ஒரு கை உப்பைச் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்தாள்.

"இந்தாத்தா, ஒன் உப்பு."

அம்மா சிரித்தாள். "கடையில கெடக்குது உப்பு. இதுக்குப் போயி நாலு நாளு காத்துக் கெடந்தியாக்கும்?"

"கடையில கெடக்குறது வேற உப்பு. இதுதான காணாமப் போனது."

மதினி எங்கள் பெரியப்பா மகனைக் கட்டியவள். அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு மதினி, அம்மாவுக்கு மருமகள், சின்னப்பிள்ளைகளுக்குச் சித்தி. ஒல்லியான உடம்பு. பெரிய கைகள். எந்தப் பொருளையாவது யாராவது வீணாகிவிட்டது என்று சொன்னால் அந்தக் கைகள் உடனே அதை வாங்கிப் பார்க்கும். வளைந்த ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவாள். கயிற்றில் முடிச்சு விழுந்தால் அறுக்கமாட்டாள். பேசிக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்து நகத்தால் நெகிழ்த்தி அவிழ்ப்பாள். எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கிப் பப்பாளித் தண்டுக்குள் நூலை விட்டு ஊற்றி மறுபடி மெழுகுவர்த்தி ஆக்குவாள். அது கோணலாக நிற்கும், ஆனால் எரியும்.

எல்லாம் திரும்பிவிடும் என்று நம்புகிற அப்பாவி என்று அவளை நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை என் பாவாடையில் அடுப்புப்பொறி பட்டு ஓட்டை விழுந்தது. ஓட்டையின் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். நைலான் துணி இறுகிக் கறுப்பு மணிபோல் ஆகியிருந்தது. "இது ஆகாது," என்று உடனே சொல்லிவிட்டாள். ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். தொட்டுப் பார்க்காமல் எதையும் முடிவுகட்டக் கூடாது. அவளுக்கு அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அய்யா கைநாட்டு. அம்மா பேருந்தின் நிறத்தைப் பார்த்து ஏறுகிறவள். அதனால் வகுப்பில் நடத்தியதையெல்லாம் வீட்டுக்கு வந்து சத்தமாகச் சொல்வேன். கேட்க ஆள் இருந்தது மதினி ஒருத்திதான். மாற்றம் இரண்டு வகை, மதினி, என்று ஒருநாள் ஆரம்பித்தேன். இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம். பனிக்கட்டி உருகித் தண்ணீர் ஆவது முதல் வகை. பொருள் அதேதான், உருவம் மட்டும் மாறும். பெரும்பாலும் திரும்பவும் வரும். காகிதம் எரிவது இரண்டாம் வகை. அங்கே புதுப்பொருள் உண்டாகிவிடும், திரும்பாது.

மதினி உளுந்து புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். தன் சொந்த விஷயத்தை அரசாங்கம் புத்தகமாகப் போட்டிருக்கிறது என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு மிதப்பு.

"அப்ப உப்பு?"

"மொத வகை."

"ஆணி?"

"அதுவும் மொத வகைதான்."

"ஒங்க அண்ணன் திருப்பூர் போயிட்டுப் போயிட்டு வாராரே, அது என்ன வகை?"

யோசித்தேன். "நீங்களே சொல்லுங்க."

"மாத்தமே இல்லடி. போன மாதிரியேதான் வாராரு."

என் படிப்பு முதலில் அவள் காலை வாரியது கருவாட்டில். அவள் தம்பி ஊரிலிருந்து வந்திருந்தான். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் ஒரு வாரமாக மீன் வரத்தே இல்லை. கருவாடு காய்வது என்ன வகை என்று என்னிடம் கேட்டாள். புத்தகத்தில் கருவாடு இல்லை. ஆனால் ஈரத்துணி காய்வது இருந்தது. நான் தயங்கவில்லை. "தண்ணி வெளிய போகுது, அம்புட்டுத்தான். மொத வகை." மதினி ஒரு பெரிய வாளைக் கருவாட்டை எடுத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பு போகப் போக நாலு தண்ணீர் மாற்றி, மறுநாள் புளி கரைத்துப் பச்சைமீன் குழம்பாகவே வைத்துவிட்டாள்.

தம்பி இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது வாயை மெதுவாக மென்றான்.

"யக்கா, இந்த மீனு செத்து எம்புட்டு நாளாச்சு?"

அவன் போன பிறகு ஒரு துண்டை எடுத்து விரலால் பிட்டுப் பார்த்தாள். தண்ணீர் உள்ளே போயிருந்தது. சதை ஊதியும் இருந்தது. மீன் மட்டும் வரவில்லை. "தண்ணியத்தான் எடுத்தோம். தண்ணியத் திருப்பிக் குடுத்துட்டோம். இன்னும் என்னத்தக் கேக்குது இது?" என்று அதனிடமே கேட்டாள். என்னைத் திட்டவில்லை. "பொஸ்தகம் எழுதுனவரு கருவாடு திங்க மாட்டாரு போலருக்கு," என்றாள்.

இப்போது நான் வேதியியலில் முதுகலை படிக்கிறேன். உப்பும் வெயிலும் சதைக்குள் இருக்கும் புரதத்தையே மாற்றிவிடுகின்றன, வெறும் தண்ணீர்க் கணக்கு இல்லை என்று இன்று என்னால் இரண்டு பக்கம் எழுத முடியும். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

எங்கள் ஊர் திருவாடானைக்குக் கிழக்கே, கண்மாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் கரி. சீமைக்கருவேலம் மட்டும் யாரையும் கேட்காமல் வளரும். அதை வெட்டி மூட்டம் போடுவார்கள். கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, அதன்மேல் குழைத்த மண்ணைப் பூசி, உச்சியில் நெருப்பு வைக்க வேண்டும். அடியைச் சுற்றிச் சிறு துளைகள் விடுவார்கள். அவற்றுக்குக் கண் என்று பெயர். கண் வழியாகக் காற்று கொஞ்சமாகப் போனால் கட்டை எரியாமல் உள்ளுக்குள்ளேயே வெந்து கரியாகும். காற்று அதிகமானால் எரிந்து சாம்பலாகும். புகை முதலில் வெள்ளையாக வரும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் நீலமாக மெலியும். நீலம் கண்டதும் எல்லாக் கண்களையும் அடைத்து, இரண்டு நாள் ஆறவிட்டுப் பிரிப்பார்கள்.

பெண்கள் கட்டை அடுக்கலாம், மண் குழைக்கலாம், கரி அள்ளிக் கூடையில் சுமக்கலாம். ஆனால் ஒரு மூட்டத்துக்குப் பொறுப்பாக இருந்து எந்தக் கண்ணை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று சொல்வது ஆண்கள்தான். நான் ஒன்பதாவது படித்த வருஷம் அப்படியொரு ஆள் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட, அந்த இடத்தை மதினி கேட்டாள். கரி முதலாளி கொஞ்சம் யோசித்தார்.

"மூணு மூட்டம் போடு. மூணும் ஒழுங்கா வந்தா ஒனக்குன்னு ஒண்ணு எப்பயும் இருக்கும். ஒண்ணு கெட்டாலும் பழையபடி கூடை தூக்கப் போயிரணும்."

பக்கத்து மூட்டத்துக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "அடுப்பு வேற, மூட்டம் வேற ஆத்தா," என்றார்.

"ரெண்டையும் வச்சுத்தான மாமா நீங்க சோறு திங்கிறீக," என்றாள் மதினி.

முதல் இரண்டு மூட்டமும் நன்றாக வந்தன. கரியை ஒன்றோடு ஒன்று தட்டினால் வெண்கலம்போல் கணகணவென்று சத்தம் வந்தது. அந்த நாட்களில் அவள் நடையே மாறியிருந்தது. "கூடை தூக்கயில குனிஞ்சேதான் கெடக்கணும். மூட்டம் பாக்கயில அண்ணாந்து புகையப் பாக்கணும்," என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த அண்ணாந்து பார்ப்பதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது மூட்டத்துக்கு நெருப்பு வைத்த அன்று அவளுக்குப் பல்வலி வந்தது. கன்னம் வீங்கி மூன்று நாள் துணியைக் கட்டிக்கொண்டே புகையைப் பார்த்தாள். நாலாம் நாள் முடியவில்லை. புகை மஞ்சளாக நிதானமாக வந்துகொண்டிருந்தது. எப்படியும் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. மத்தியானப் பேருந்தில் திருவாடானை போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம் என்று கிளம்பினாள். எனக்கு அன்று காலையில்தான் காலாண்டுப் பரீட்சையின் கடைசிப் பரீட்சை முடிந்திருந்தது. அறிவியல்.

"இங்கனயே உக்காந்துரு. மண்ணு வெடிச்சா மட்டும் பூசிவிடு. கண்ணத் தொடாத."

"பல்லப் பிடுங்குனா திரும்பாதே மதினி."

"வலிக்கிறதுதான போகுது. போகட்டும்."

அவள் போய் ஒருமணி நேரத்தில் புகை மெலிந்தது. மண்ணில் கையை வைத்துப் பார்த்தேன். காலையில் இருந்த சூடு இல்லை என்று பட்டது. கிழக்குப் பக்கம் இரண்டே இரண்டு கண்கள்தான் திறந்திருந்தன. நெருப்பு சாகிறது என்று நினைத்தேன். எரிதலுக்கு ஆக்சிஜன் தேவை என்று அன்று காலையில்தான் ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் படம் போட்டு எழுதியிருந்தேன். மதினிக்குப் பல்வலியில் கவனம் தப்பியிருக்கும், நான் பார்த்துக் காப்பாற்ற வேண்டும். கடப்பாறையை எடுத்து மேற்குப் பக்கம் மூன்று கண்களைக் குத்தித் திறந்தேன்.

கச்சான் காற்று வீசுகிற மாதம் அது. மேற்கிலிருந்து வருகிற காற்று. கொஞ்ச நேரத்தில் புகை குபுகுபுவென்று கிளம்பியது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். சாயங்காலம் ஆனதும் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது மூட்டத்தின் மேற்குத் தோள் உள்ளே இறங்கியிருந்தது. பிளவுக்குள் சிவப்பாகத் தெரிந்தது.

மண்ணை அள்ளி அள்ளி வைத்தேன். வைத்த மண் உள்ளே விழுந்தது. கத்தினேன். பக்கத்து மூட்டத்துக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அப்போதுதான் பேருந்து வந்து நின்றது. மதினி சாலையிலேயே புகையைப் பார்த்திருக்க வேண்டும். செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். வாய் நிறையப் பஞ்சு. பேச முடியவில்லை. என் முன்னால் நின்று விரல்களை விரித்துக் காட்டினாள். எத்தனை கண்?

மூன்று விரல் காட்டினேன்.

எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. நேராக மேற்கே போய்ச் சேற்றை இரண்டு கையாலும் வாரி வாரி அறைந்தாள். நான் தண்ணீர் ஊற்றிக் குழைத்துக் கொடுத்தேன். கிழக்குக் கண்களையும் சேர்த்து எல்லாவற்றையும் அடைத்தால்தான் நெருப்பு அடங்கும். அடைத்தால் வேகவேண்டிய கட்டை அப்படியே நின்றுபோகும். ஒரு நொடி அந்த இரண்டு கண்களுக்கும் முன்னால் குனிந்து நின்றாள். பிறகு அடைத்தாள். பஞ்சு நனைந்து, கடைவாயிலிருந்து ரத்தம் தாடையில் வடிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது மேற்குப் பக்கம் முழங்கால் அளவு சாம்பல் இருந்தது. நடுவில் நாலைந்து கூடைக்குக் கரி தேறியது. கிழக்கே கிடந்ததெல்லாம் குறைக்கட்டை. மேலே கறுப்பு, உள்ளே பழுப்பு. விறகாக எரித்தால் புகைந்து கண்ணைக் கெடுக்கும். கரி என்று மூட்டையில் போட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். என் புத்தகத்தில் கட்டை எரிந்து சாம்பலாவது ஒரே வரியில் இருந்தது. அந்த வரிக்கு நடுவில் இத்தனை இடம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முதலாளி லாரியோடு வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"காத்துல மண்ணு வெடிச்சிருச்சு மொதலாளி," என்றாள் மதினி. பல் பிடுங்கிய பக்கம் வீக்கம் வடியாமல் வார்த்தை குழறியது.

"பூசத் தெரிஞ்சவ பூசுனா ஏன் வெடிக்குது?" என்றார் பக்கத்து மூட்டத்துக்காரர்.

மதினி பூசிய மண் வெடித்ததே இல்லை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவளே வெடித்தது என்று சொன்னபிறகு யார் என்ன சொல்ல முடியும்? நான் அம்மாவின் பின்னால் நின்றிருந்தேன். முன்னால் வந்தேன்.

"மண்ணு வெடிக்கல. நான்தான் மேக்க மூணு கண்ணு தொறந்தேன்."

மதினி என்னைப் பார்த்த பார்வையில், என்னை அறைந்துவிடுவாள் என்று முதன்முதலாகத் தோன்றியது.

முதலாளி கேட்டார். "எதுக்குத் தொறந்த?"

"எரியுறதுக்கு ஆக்சிஜன் வேணும்னு."

லாரிக்காரர்கள் வரை சிரித்தார்கள். முதலாளிகூடச் சிரித்தார். பிறகு மதினியைப் பார்த்துச் சொன்னார். "புள்ள மேல ஒண்ணும் தப்பு இல்ல. மூட்டத்த விட்டுட்டுப் போனது நீயி. நாளையிலேருந்து கூடையத் தூக்கு."

ஆக, நான் உண்மையைச் சொல்லியும் ஒன்றும் மாறவில்லை. பிற்பாடு விடைத்தாள் வந்தபோது அந்தக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள்.

மதினி கெஞ்சவில்லை. "சரி மொதலாளி. இந்தக் குறைக்கட்டைய மட்டும் என்கிட்ட விட்ருங்க," என்றாள்.

"அத வச்சு என்ன செய்யப் போற? திரும்பக் கட்டையா ஆக்கப் போறியா?" அவளுடைய பழக்கம் ஊருக்கே தெரியும். மறுபடியும் சிரிப்பு.

"கட்டைக்குத் திரும்பாது மொதலாளி. கரிக்குப் போகும்ல."

குறைக்கட்டை ஒன்றிரண்டு மிஞ்சினால் அடுத்த மூட்டத்தின் நடுவில் சொருகுவது வழக்கம். அதை மட்டுமே வைத்து யாரும் மூட்டம் போட்டதில்லை. காய்ந்து பாதி வெந்த கட்டை, நெருப்பு பட்டதும் ஓடிவிடும், நாலு மணி நேரத்தில் சாம்பல்தான் என்றார் பக்கத்து மூட்டத்துக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னமோ செய்யி. அடுத்த லாரிக்கு வருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பகல் முழுக்கக் கூடை தூக்கினாள். சாயங்காலத்தில் குறைக்கட்டையை அடுக்கினாள். கூம்பாக இல்லாமல் தாழ்வாக, இடைவெளி இல்லாமல், குட்டித் தோணியைக் கவிழ்த்த மாதிரி அடுக்கினாள். மண்ணை இரண்டு பூச்சுப் பூசினாள். ஒரே ஒரு கண், அதுவும் கிழக்கே. அதன் வாயில் ஒரு சேற்று உருண்டையை வைத்துக்கொண்டு, மூச்சு விடுகிற மாதிரி எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். எனக்கு விடுமுறை. மண் சுமந்து கொடுத்தேன். என்னிடம் அவள் அதிகம் பேசவில்லை. கோபமா என்று கேட்டேன்.

"கோவப்பட்டா ஒனக்கு மண்ணு யாரு கொழைக்கச் சொல்லித் தரப்போறா? இப்புடி கட்டியும் முட்டியுமாவா கொழைக்கிறது?"

வெள்ளைப் புகை வரவே இல்லை. அவள் பயந்தாள். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. சொல்லலாமா என்று இரண்டு தரம் யோசித்துவிட்டுச் சொன்னேன். "வெள்ளையா வாரது தண்ணி ஆவி மதினி. அது மொதத் தடவையே போயிருச்சு. இதுக்கு மஞ்சள்லேருந்துதான் வரும்னு நெனக்கிறேன். நிச்சயமாத் தெரியல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நிச்சயமாத் தெரியலங்கிறியா. அப்பச் சரியா இருந்தாலும் இருக்கும்," என்று சொல்லிவிட்டு உருண்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக வந்தது. மறுநாள் கூடைக்குப் போகாமல் அங்கேயே இருந்தாள். மத்தியானமே நீலம் கண்டது. அடைத்தாள்.

லாரி வந்த அன்று முதலாளி முன்னால்தான் பிரித்தாள். மண்ணை விலக்கினாள், தழைச்சாம்பலை ஊதித் தள்ளினாள், முதல் கட்டையைக் கையில் எடுத்தாள். இன்னொன்றின்மேல் தட்டினாள். சத்தம் வந்தது. முதலாளி அதை வாங்கி முழங்காலில் வைத்து உடைத்தார். நடுவரைக்கும் ஒரே கறுப்பு, எண்ணெய் பூசினாற்போல் பளபளப்பு. இன்னொன்றை உடைத்தார். பக்கத்து மூட்டத்துக்காரர் குனிந்து தானே ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "வெந்துதான் இருக்கு," என்றார்.

முதலாளி கையிலிருந்த கரியைத் தட்டிக்கொண்டே லாரிப் பக்கம் திரும்பினார். "ஏப்பா, தெக்க கெடக்குற தூர்க்கட்டைய இவ பக்கம் எறக்குங்க."

தூர்க்கட்டை என்றால் மரத்தின் அடிவேர்த் துண்டு. அதில்தான் முதல்தரமான கரி வரும். நல்ல கை என்று தெரிந்தால்தான் கொடுப்பார்கள். மதினி சிரிக்கவில்லை. கரிக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏத்தா, பள்ளிக்கூடம் எப்பத் தொறக்குது?"

"நாளைக்கு."

"நல்லது. போய்ச் சேரு. கண்ணு பக்கம் இனிமே ஒன்னயப் பாத்தேன், கைய ஒடிச்சுருவேன்."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு அங்கேதான் போனேன். மண் குழைக்கச் சொன்னாள். கட்டி இல்லாமல் குழைத்தேன். கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றாள். நான் குழைத்த மண்ணை அவள் பூசினாள். கண் இருந்த பக்கம் நான் எட்டிப் பார்க்க முடியாதபடி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.